வளைந்த தண்டி

குளத்தூர் என்று இன்று சொன்னால், கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தாலுகாவும், அதற்குப் பெயர் கொடுத்த சிற்றூரும், வானம் பார்த்த புன்செய்களும், சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் குளத்து வண்டலுமே நினைவுக்கு வருகின்றன. சங்கீதத்தோடு இப்பெயரைச் சேர்த்து எண்ணுகிறவர் அரியர். ஆயினும், 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்திய யூனியனோடு இணையும் வரையில் புதுக்கோட்டை சமஸ்தானம் குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என்னும் மூன்று தாலுகாக்களாக வகுக்கப்பட்டிருந்த நாளில், நார்த்தாமலையும் சித்தன்னவாசலும் கொடும்பாளூரும் மட்டுமல்லாமல், நம் நாட்டுச் சங்கீத சரித்திரத்தின் தலையாய சாசனத்தைத் தாங்கி நிற்கும் குடுமியான்மலையும் குளத்தூர்த் தாலுகாவின் எல்லைக்குள்ளேயே இருந்தது. மேலைக்கோயில் என்னும் குடைவரைக்குப் பக்கத்தில், குன்றின் முகத்தைச் சமன்செய்து, பல்லவ கிரந்த லிபியில் 38 வரிகளாக, ஏழு ராகங்களுக்கு உரிய ஸ்வர வரிசைகளை நந்நான்காகக் கோத்துப் பொறித்திருக்கிறார்கள். அவற்றைச் செய்தவன் பரம மாகேசுவரனாகிய ஓர் அரசன், ருத்திராசாரியரின் சிஷ்யன் என்று சாசனமே கூறுகிறது. அவன் பெயரைக் கூறவில்லை. அவன் மகேந்திரவர்ம பல்லவனே என்பவரும் அதை மறுப்பவரும் உண்டு. அந்த விவாதத்தில் நான் புகவில்லை. எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்னும் பொருளில் தமிழில் ஒரு குறிப்பு அதன் இறுதியில் சேர்ந்திருப்பதும், பரிவாதினி என்னும் வாத்தியத்தின் பெயர் குடுமியான்மலையிலும் திருமயத்திலும் மலையக்கோயிலிலும் கல்லில் காணப்படுவதுமே என் மனத்தைப் பற்றிக்கொண்டவை.

பரிவாதினி ஏழு தந்திகளை உடைய வீணை என்று அமரகோசம் சொல்கிறது. அந்த ஸ்வரங்களை ஏந்திய கல் நிற்கிறது. அவற்றை ஒலித்த மரத்தில் ஒரு சிம்புகூட எஞ்சவில்லை. இதை நினைக்கும்போது வருத்தத்தைக் காட்டிலும் ஒரு தெளிவே எனக்கு உண்டாகிறது. கல் தன்மேல் பொறித்ததைக் காக்கும். தந்தியின் மெல்லிய அதிர்வை வாங்கிப் பெருக்கித் தருவது அதனால் ஆகாது. மரம் அதைச் செய்ய வல்லதாக இருப்பதற்குக் காரணம், அது கல்லைப் போல் செறிந்ததாக இல்லாமல், எண்ணற்ற நுண்குழாய்கள் சேர்ந்த இலேசான பொருளாக இருப்பதே. அந்த நுண்குழாய்களின் சுவர்களே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கின்றன, அதை இழந்து சுருங்குகின்றன, இழுக்கிற பக்கம் சிறிது சிறிதாகச் சாய்ந்தும் கொடுக்கின்றன. நாதம் தரும் சுபாவமும் கோணல் தரும் சுபாவமும் மரத்தில் இரண்டல்ல. வீணையின் கழுத்தாகிய தண்டி வளைந்துவிட்டதென்று மனம் நொந்திருப்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

வளைவு எல்லாக் காலத்திலும் குற்றமாக எண்ணப்பட்டதும் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் கோவலன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்துகொள்கிறான். யாழுக்குக் கோடு வளைந்திருப்பதே வடிவம். அதில் ஒவ்வொரு நரம்பும் தன் நீளத்திற்கும் முறுக்கிற்கும் உரிய ஒரே சுரத்தைத் தருவதாகையால், கோடு சற்றே மிகுதியாக வளைந்தாலும் திவவு என்னும் வார்க்கட்டை இறுக்கி நரம்பைச் சுருதி சேர்த்துக்கொண்டால் குறை நீங்கிவிடும். ஒரே தந்தியை இடம்மாற்றி இடம்மாற்றி அழுத்திப் பல ஸ்வரங்களைப் பெறுகிற வாத்தியம் பழக்கத்திற்கு வந்த பிறகே, தந்திக்கும் மரத்திற்கும் நடுவேயுள்ள இடைவெளி ஆதிமுதல் அந்தம்வரை ஓர் ஒழுங்கில் இருந்தாக வேண்டும் என்னும் நிர்ப்பந்தம் உண்டாயிற்று. தஞ்சை ரகுநாத நாயக்கரின் காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஸ்தாயி ஒன்றிற்குப் பன்னிரண்டாக 24 மெட்டுகளும் நிலைபெற்ற வீணை உருவாயிற்று என்பது சம்பிரதாயம். அந்த மெட்டுகள் நிலைபெற்ற நாளில்தான் தண்டியின் கோணலும் ஒரு வியாதியாகப் பிறந்தது என்று சொல்வது மிகையாகாது.

அந்த வியாதியின் காரணத்தைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். தந்திகள் குடத்தின் கோடியிலிருந்து தண்டியின் மறுகோடியிலுள்ள யாளிமுகத்தை நோக்கி இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுப்பு தண்டியின் மேல்முகத்தின் வழியாகச் செல்வதால், இரு கோடிகளும் மேலெழ நடுப்பாகம் தாழ்வது இயற்கை. தண்டியின் விறைப்போ அதன் கனத்தின் முப்படியைப் பொறுத்தது: கனத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீவிவிட்டால் விறைப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பார்வைக்கு ஒய்யாரமாக இருக்கட்டும் என்று தண்டியை மெலிதாகக் கடைந்தவர்களின் வீணைகள் சீக்கிரம் வளைந்துபோவதற்கு வேறு மர்மம் தேட வேண்டியதில்லை. ஆனால் இழுப்பைக் காட்டிலும் கொடிய காரணம் காற்றில் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக உள்ள இடத்தில் மரம் தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 6 சதவீத நீரையும், 80 சதவீதமாக உள்ள இடத்தில் ஏறக்குறைய 16 சதவீத நீரையும் ஏந்தியிருக்கும். ஈரம் மாறாமலிருந்தால், சுமையின் கீழுள்ள மரம் முதலில் சிறிது தளர்ந்து, பிறகு மிக மெதுவாகவே வளையும்; அதே சுமையின் கீழ் ஈரமும் உலர்வும் மாறி மாறி வருமானால், ஒவ்வொரு மாற்றத்தின் போதும் வளைவு மேலும் மேலும் கூடிக்கொண்டே போகும். மர சாஸ்திரம் கற்றவர்கள் பரீட்சித்து நிறுவிய உண்மை இது. பங்குனி முதல் ஆனிவரை அனலும், ஐப்பசி கார்த்திகையில் சுவர்களே வியர்க்கும் ஈரமுமாக ஆண்டுதோறும் இரு துருவங்களுக்கு இடையே ஊசலாடுகிற எங்கள் குளத்தூர்ச் சீமையில் ஒரு பலாமரத் தண்டி எத்தனை சோதனைக்கு ஆளாகிறது என்பதை இதைக்கொண்டு ஊகித்துக்கொள்ளலாம்.

ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில், அவருடைய மாமியார் வாசித்த வீணை ஒன்று இருந்தது. ஓட்டுவீட்டை இடித்துக் கட்டிய பிறகு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைபோட்ட பின்னறையில், ஜன்னலை ஒட்டிய மூலையில் அதைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, மேலே ஒரு பழைய பட்டுத்துணியைப் போர்த்தி, ஸரஸ்வதி பூஜைக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள். தந்திகள் முழு முறுக்கில் அப்படியே இருந்தன. திருக்கோகர்ணத்தில் பிறந்து, காரைக்குடி சகோதரர்கள் என்று புகழ்பெற்ற இருவரில் மூத்தவராகிய சுப்பராமையர் வீணையை நிமிர்த்திப் பிடித்தே வாசித்தவர் என்பது எனக்குத் தெரியும். எனவே நிமிர்ந்து நிற்பதனால் மட்டும் வீணைக்குத் தீங்கில்லை. வாசிப்பாரின்றி, முழு முறுக்கோடு, ஒரு பக்கம் வெயிலும் மறு பக்கம் சுவரின் ஈரமும் தாக்க, தன் பாரமெல்லாம் ஒரு முனையில் சாய்ந்திருக்கும்படி ஆண்டுக்கணக்காக நிற்பதே தீங்கு. அந்த அம்மாளின் பேத்தி வீணை கற்கத் தொடங்கியபோது, நடு மெட்டுகளில் தந்தி அளவுக்கு மீறி உயர்ந்து நிற்பதும், அழுத்தினால் ஸ்வரம் கூடிப்போவதும், குழந்தையின் விரல் நுனி கன்றிப்போவதும் தெரியவந்தன.

தஞ்சாவூரிலிருந்து வந்த ஆசாரியார் வாத்தியத்தை மடிமேல் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குடத்திலிருந்து யாளிவரை நெடுநேரம் பார்த்தார். “ஆசாரியாரே, எப்படியாவது தண்டியை நிமிர்த்திக் கொடுத்துவிடுங்கள்” என்றார் அந்த அம்மாள். “தண்டியை நிமிர்த்த வேண்டாம் அம்மா. இவ்வளவு கோணலை மெழுகே தாங்கிக்கொள்ளும்” என்று அவர் பதில் சொன்னார். அந்த விடையின் ஆழம் அப்போது அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. எனக்கும் அவர் வேலை செய்வதைப் பார்த்த பிறகே விளங்கியது.

வேலைக்கு முன்பு அவர் செய்த பரீட்சை குறிப்பிடத்தக்கது. தந்தி உயர்ந்து நிற்பதெல்லாம் தண்டியின் வளைவினால்தான் என்று முடிவுகட்டுவது பலரும் செய்கிற தவறு. தண்டி குடத்தோடு சேரும் பொருத்து நெகிழ்ந்திருக்கலாம். குதிரையைத் தாங்கும் மேற்பலகை அமிழ்ந்திருக்கலாம். தண்டி வில்லைப் போல் வளையாமல் கயிற்றைப் போல் முறுக்கியிருக்கலாம். மெழுகு மட்டும் உருகி மெட்டுகள் இறங்கியிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய அவர் கொண்டுவந்த கருவி ஒரு நூல்தான். இழுத்துப் பிடித்த நூலைவிட நேரான கோடு உலகத்தில் கிடைப்பது அரிது. அதைத் தண்டியின் இரு விளிம்புகளிலும் தனித்தனியே பிடித்து வளைவின் அளவைப் பார்த்து, பிறகு தண்டியின் இரு கோடிகளையும் ஒருங்கே நோக்கி முறுக்கம் இல்லை என்று கண்டார். பொருத்தைத் தட்டிப் பார்த்து அதுவும் கெட்டியாக இருப்பதை அறிந்தார். அதன் பிறகே பழைய மெழுகில் சூடு காட்டினார்.

வீணையின் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. தண்டியின் இரு ஓரங்களிலும் நெடுக, தேன்மெழுகோடு கரித்தூள் கலந்து காய்ச்சி இட்ட இரண்டு கரிய வரம்புகளின்மேல் அவை பதிந்து நிற்கின்றன. பழையதை எடுத்துவிட்டு, புது மெழுகைத் தண்டியின் தாழ்ந்த இடத்தில் கனமாகவும் உயர்ந்த இடத்தில் மெலிதாகவும் இட்டு, அது ஆறி இறுகுவதற்குள் மெட்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, தந்தியை மீட்டிக் காதினால் ஸ்வரஸ்தானத்தை நிச்சயித்து, மேலேயோ கீழேயோ ஒரு மயிரிழை நகர்த்தி, அழுத்தி நிறுத்துவதுதான் அந்த வித்தை. மரம் எத்தனை வளைந்திருந்ததோ அத்தனையே வளைந்திருந்தது. மெட்டுகளின் வரிசை மட்டும் நேராகிவிட்டது. மரத்தை அதன் போக்கில் விட்டு, ஸ்வரத்தை அதன் ஸ்தானத்தில் நிறுத்துகிற இந்த ஏற்பாட்டைச் செய்த முன்னோர்கள், தண்டி வளையாது என்று நம்பியவர்கள் அல்லர். வளையும் என்பதை அறிந்து, வளைந்தபின் திருத்திக்கொள்வதற்கான இடத்தை வாத்தியத்தின் அமைப்பிலேயே வைத்தவர்கள். மெழுகு கோடையில் இளகுகிறதே, அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கிறதே என்று குறைகூறி, மெட்டுகளைப் பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ நிரந்தரமாகப் பொருத்திய வீணைகளை இப்போது சிலர் விரும்புகிறார்கள். பிரயாணத்திற்கு அவை சௌகரியமாக இருக்கலாம். ஆனால் தண்டி வளைந்த அன்று அவற்றுக்கு என்ன பரிகாரம் என்று கேட்டால் எளிதான விடை இல்லை. என் சம்மதம் மெழுகுக்கே.

இதே வியாதிக்கு மேல்நாட்டார் கண்ட மருந்து வேறு. அமெரிக்காவின் பாஞ்சோ என்னும் வாத்தியத்தை நம்மவர் சினிமாவில் கேட்டிருப்பார்கள். அதன் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா: சுரைக் குடுக்கையின் வாயில் தோலைப் போர்த்தி, நீண்ட கோலைச் செருகி, நரம்பு கட்டிய வாத்தியங்களின் நினைவை, அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட மக்கள் கடல்கடந்து சுமந்துபோய், மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் மீண்டும் உருவாக்கினார்கள். பத்தரின்மேல் தோல் போர்த்த நம் யாழுக்கு அது இந்த ஓர் அம்சத்தில் வீணையைக் காட்டிலும் நெருங்கிய உறவு. நரம்புக்குப் பதில் எஃகுக் கம்பி வந்ததும், கழுத்து மெலிந்து நீண்டதும், அங்கும் கோணல் பெரிய தொல்லையாயிற்று. ஐந்து தந்திப் பாஞ்சோவில் மெல்லிய கம்பிகளே ஏறக்குறைய 27 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. கலமசூ நகரத்தின் கிப்ஸன் தொழிற்சாலையில் வேலைபார்த்த தாடியஸ் மெக்ஹியூ என்பவர், கழுத்தின் உள்ளே ஒரு வாய்க்கால் வெட்டி, அதில் எஃகுக் கம்பி ஒன்றைப் புதைத்து, அதன் தலையிலுள்ள மரையைத் திருகினால் தந்திகளின் இழுப்புக்கு எதிர் இழுப்பு உண்டாகும்படி செய்து, 1923-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கித்தார் முதலிய வாத்தியங்களிலும் பிறகு அந்தக் கம்பி பரவியது. அதைக் கையாளுகிறவர்கள் கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருகாமல், ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, பிறகே மறுபடியும் திருகுகிறார்கள். மரம் உடனே இணங்குவதில்லை. கழுத்தை அவர்கள் முற்றிலும் நேராக்குவதும் இல்லை. அதிரும் தந்தி நடுவில் அகன்று வீசுவதால், அதற்கு இடம் கொடுக்க மில்லிமீட்டரில் கால் பங்கு அளவுக்குக் குழிவை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள்.

கம்பியில்லாத பழைய பாஞ்சோக்களுக்கு அவர்கள் செய்கிற சிகிச்சைகள் கடினமானவை. கழுத்தை எதிர்ப்பக்கமாக வளைத்துக் கிட்டியால் இறுக்கி, விரற்பலகையைச் சூடாக்கினால், அடியிலுள்ள பசை இளகிப் பலகை கழுத்தின்மேல் சிறிது நழுவும். ஆறியபின் அந்தப் புது நிலையிலேயே நிற்கும். சில சமயம் நிற்கும் என்பதே சரி. அடுத்த பருவ மாற்றத்தில் பழைய கோணல் திரும்பி வருவதும் உண்டு. மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, சற்றே தடித்த அடியுள்ள மெட்டுகளை அதே பிளவுகளில் அறைந்து, அவை ஆப்புகளாக மேல்முகத்தை விரிப்பதனால் கழுத்தைப் பின்னுக்குத் தள்ளுவது மற்றொரு முறை. விரற்பலகையையே இழைத்து நேராக்குவது கடைசி முறை. இழைத்த கனம் திரும்பி வராது. இவற்றில் எதற்கும் முன்னால் தோலின் இறுக்கத்தைப் பார்ப்பது அங்குள்ள விவேகிகளின் வழக்கம். மழைநாளில் தோல் தளர்ந்து குதிரை அமிழ்ந்துபோனதை, கழுத்தின் குற்றமென்று எண்ணி மரத்தைத் தொட்டுக் கெடுத்தவர்கள் அங்கும் பலர்.

எஃகுக் கம்பியின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. கழுத்து மெலிந்தாக வேண்டும், மெட்டுகள் மரத்தில் அறைந்தாக வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அதைவிடச் சாமர்த்தியமான உபாயம் இல்லை. ஆனால் வீணையின் தண்டி உள்ளே குடைந்த கூடு. அந்த வெற்றிடத்திற்கும் நாதத்தில் பங்கு உண்டு. அதில் ஓர் எஃகுத் தண்டத்தை நுழைத்து இறுக்கினால், வளைவு போகிற வழியிலேயே நாதமும் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

மெழுகுக்கும் எல்லை உண்டு. வரம்பு சில மில்லிமீட்டர் வரையில்தான் ஏற்றத்தாழ்வைத் தாங்கும். அதற்கு மேல் கனமாக இட்டால் மெட்டு ஆடும், நாதம் மங்கும். பொருத்து நெகிழ்ந்த வீணைக்குப் பொருத்தைப் பிரித்துப் பசையிட்டுச் சேர்ப்பதே வழி. முறுக்கிய தண்டிக்கு நம்பத்தக்க வைத்தியம் இல்லை. இங்கேதான் ஏகாண்ட வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் உள்ள பேதம் விளங்குகிறது. குடமும் தண்டியும் யாளிமுகமும் ஒரே பலாமரத்தில் குடைந்து எடுத்த ஏகாண்டத்தின் நாதமே சிறந்தது என்பது வித்துவான்கள் பலரின் கொள்கை. அதன் மேன்மையை நானும் செவியால் உணர்ந்திருக்கிறேன். ஆனால் தண்டி முறுக்கிக்கொண்டால் அந்த வாத்தியம் முழுவதுமே முடிந்தது. ஒட்டு வீணையிலோ தண்டியை மட்டும் கழற்றிப் புதிதாகச் செய்து பொருத்திக் குடத்தைக் காப்பாற்றலாம். பூஜையறையில் வைப்பதற்கன்றி, தினந்தோறும் சாதகம் செய்யும் பிள்ளைக்காக வாங்குகிறவர்கள் ஒட்டு வீணையைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

வருமுன் காப்பதில் பாதி, மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் அடங்கியிருக்கிறது. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலா பேர்போனது. எங்கள் மாவட்டத்திலேயே வடகாட்டிலும் கீரமங்கலத்திலும் பலா செழித்து வளர்கிறது. எந்த ஊர்ப் பலாவாயினும், முதிர்ந்த அடிமரத்தின் வைரப்பகுதியாக, ரேகை நெடுக ஓடி விளிம்பில் விலகாததாக, நிழலில் பொறுமையாக உலர்ந்ததாக இருந்தாக வேண்டும். மெருகெண்ணெயும் வார்னிஷும் ஈரம் புகுவதைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுப்பதில்லை. குடைந்த உட்பக்கம் பெரும்பாலும் மெருகின்றியே இருப்பதால் காற்று அவ்வழியாகப் புகுந்துகொள்கிறது. மற்றப் பாதி வீட்டாரின் கையில். வீணையைத் தரையில், குடத்திற்கும் சுரைக்காய்க்கும் அணை கொடுத்து, படுக்கை நிலையில் வைக்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டியும், ஜன்னலுக்கு எதிரிலும், அடுப்பங்கரைக்குப் பக்கத்திலும், இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடிப் பகலெல்லாம் கூரை கொதிக்கும் அறையிலும் வைக்கக் கூடாது. நெடுநாள் வாசிக்க இயலாதென்று தெரிந்தால் தந்திகளை முறுக்கும் பிரடைகளைத் தளர்த்தி ஓரிரு ஸ்வரம் இறக்கி வைக்க வேண்டும். தினமும் வாசிக்கிற வீணையை இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பதோ தேவையில்லாத உபத்திரவம். குளிர்நாடுகளுக்கு வீணையை எடுத்துச் செல்கிறவர்கள், அங்கே பனிக்காலத்தில் சூடேற்றிய அறைகளின் காற்று எங்கள் சித்திரை மாதக் காற்றைக் காட்டிலும் வறண்டுபோகக் கூடும் என்பதை மறக்கலாகாது.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எல்லோரையும் போல நானும் மகிழ்ந்தேன். அந்தக் குறியீடு பெயரைக் காக்கும். ஊர் ஊராகப் போய் மெழுகு இட்டு மெட்டு வைக்கிறவர்களின் பிழைப்பைக் காக்க அது போதாது. வீணை கற்பிக்கிற ஆசிரியர்கள் ஸ்வராவளியோடு, மெட்டு நகர்ந்துவிட்டதா, மெழுகு இளகிவிட்டதா, தண்டி சாய்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால், கோணல் சிறிதாக இருக்கும்போதே ஆசாரியை அழைக்கலாம். அவருக்கும் வேலை இருக்கும்.

மெட்டு வைப்பதற்கு ஏற்ற பருவம் தை, மாசி என்றார் அந்த ஆசாரியார். மழையின் ஈரம் வடிந்து, வெயிலின் வறட்சி தொடங்காத அந்த மாதங்களில் மரம் ஏறக்குறைய நடுநிலையில் இருக்கும். கார்த்திகையில் வைத்தது சித்திரையிலும், சித்திரையில் வைத்தது கார்த்திகையிலும் அபஸ்வரமாகும். புதுத் தண்டி பொருத்திய வீணையானால் முதல் நாளே முழுச் சுருதிக்கு ஏற்றாமல், சில வாரங்கள் தாழ்ந்த சுருதியில் வாசித்து, படிப்படியாக உயர்த்தி, முதல் மழைக்காலம் கழிந்தபின் மறுபடியும் ஒரு முறை மெழுகைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்; அந்த இரண்டாம் மெழுகுக்குப் பிறகே தண்டி தன் நிலைக்கு வந்ததாகக் கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு.